அல்-குவாரிஸ்மியும் எங்கள் வள்ளக் கணக்கும்

உயர்தர வகுப்பில் செய்நிரலாக்கம் தொடங்கிய முதல் மாதத்திலேயே தகவல் தொழில்நுட்பப் பாடத்தை விட்டுவிட்டு வேறொரு பாடம் எடுக்கலாமா என்று யோசித்தவள் நான். பைதன் மொழியில் எழுதிய ஐந்து வரிகளில் ஒரு முக்காற்புள்ளி விடுபட்டதற்காகத் திரை முழுவதும் சிவப்பு எழுத்தில் பிழை வந்தது. திருத்தினேன், வேறொரு பிழை வந்தது. இயந்திரத்துக்கு என் மீது ஏதோ கோபம் என்றே எண்ணிக்கொண்டேன்.

அந்த வாரம் டீச்சர் எங்கள் ஒவ்வொருவருக்கும் பாடத்தில் வரும் ஒரு சொல்லைக் கொடுத்து, அது எங்கிருந்து வந்தது என்று தேடி வரச் சொன்னார். எனக்குக் கிடைத்த சொல் அல்கோரிதம். ஒரு வேலையைச் செய்து முடிப்பதற்கான படிமுறை என்று அதன் பொருளை மனனம் செய்திருந்தேன். அது ஒரு முஸ்லிம் அறிஞரின் பெயரிலிருந்து வந்தது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

முஹம்மத் இப்னு மூஸா அல்-குவாரிஸ்மி ஏறத்தாழ கி.பி. 780இல் பிறந்தவர். குவாரிஸ்ம் என்பது மத்திய ஆசியாவில் ஆரல் கடலுக்குத் தெற்கே இருந்த நாடு. அதன் பெரும்பகுதி இன்று உஸ்பெகிஸ்தானுக்குள் இருக்கிறது. அவருடைய பெற்றோர், இளமைக்காலம், குடும்பம் பற்றிய குறிப்புகள் மிகக் குறைவு. அவரை நாம் அறிவது அவர் எழுதிய நூல்கள் வழியாகத்தான்.

அவர் வாழ்ந்து பணியாற்றிய நகரம் பக்தாத். 762இல் கலீபா அல்-மன்சூர் தஜ்லா நதிக்கரையில் நிறுவிய அந்த நகரத்துக்கு உலகின் பல திசைகளிலிருந்தும் வணிகர்களும் அறிஞர்களும் வந்தார்கள். 813 முதல் 833 வரை ஆட்சி செய்த கலீபா அல்-மஃமூனின் காலத்தில் பைத்துல் ஹிக்மா என்ற அறிவு இல்லம் சிறந்து விளங்கியது. கிரேக்கம், பாரசீகம், சமஸ்கிருதம் ஆகிய மொழிகளின் நூல்கள் அக்காலத்தில் அரபுக்கு வந்தன. அந்த அறிஞர் கூட்டத்தில் ஒருவராக இருந்தார் அல்-குவாரிஸ்மி.

அவர் ஒரு துறையோடு நின்றுவிடவில்லை. இந்திய வானியலை அடிப்படையாகக் கொண்டு வான அட்டவணைகள் தயாரித்தார். பூமியின் வடிவம் பற்றிய நூலில் 2402 இடங்களின் அகலாங்குகளையும் நெட்டாங்குகளையும் வரிசைப்படுத்தினார். தொலமி என்ற பழைய கிரேக்க அறிஞர் மத்தியதரைக் கடலின் நீளத்தை மிகைப்படுத்திச் சொல்லியிருந்ததைக் குறைத்துத் திருத்தினார். எங்கள் திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் இன்றும் தம் இடத்தைச் சொல்வது இந்த இரண்டு எண்களால்தான்.

இந்தியர்களின் எண்முறையை விளக்கியும் ஒரு நூல் எழுதினார். ஒன்பது இலக்கங்களையும் ஒரு பூச்சியத்தையும் வைத்து எவ்வளவு பெரிய எண்ணையும் எழுதலாம், கூட்டலாம், பெருக்கலாம் என்று அதில் காட்டினார். அதன் அரபு மூலம் இன்று நம்மிடம் இல்லை. இலத்தீன் மொழிபெயர்ப்பு வடிவங்களே எஞ்சியிருக்கின்றன.

அவருக்கு நிலைத்த புகழைத் தந்தது அல்-ஜப்ர் வல்-முகாபலா என்ற நூல். அட்சரகணிதத்தை ஆங்கிலத்தில் அல்ஜிப்ரா என்கிறோமே, அது இந்த நூலின் பெயரிலுள்ள அல்-ஜப்ர் என்ற சொல்தான். நான் வியந்தது வேறொன்றைக் கண்டு. அந்த நூலில் நாம் எழுதுவது போன்ற சமன்பாடு ஒன்றுகூட இல்லை. எல்லாமே சொற்களால் எழுதப்பட்டவை. அதிலுள்ள ஒரு கணக்கு இது: ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அந்த எண்ணின் பத்து மடங்கைக் கூட்டினால் 39 வருகிறது, அந்த எண் என்ன?

விடைக்கு அவர் காட்டும் வழி இப்படிப் போகிறது. பத்தைப் பாதியாக்கினால் 5. அதை அதே எண்ணால் பெருக்கினால் 25. அதோடு 39ஐக் கூட்டினால் 64. அதன் வர்க்கமூலம் 8. அதிலிருந்து அந்தப் பாதியான 5ஐக் கழித்தால் 3. அதுவே விடை. இந்த வழி ஏன் சரி என்பதைச் சதுரம் வரைந்தும் நிறுவினார்.

இதை வாசித்தபோது எனக்கு ஏதோ பிடிபட்டது. ஒரு படிக்கு ஒரு வேலை; முந்திய படியின் விடை அடுத்த படிக்குப் போகிறது. எங்கள் பாய்ச்சற்கோட்டுப் படத்தில் உள்ளதும் இதுதானே! அவருடைய படிகளை அப்படியே ஐந்து வரிகளாகப் பைதனில் எழுதினேன். திரையில் 3 வந்தது. நான் எழுதியதில் முதல் தடவையிலேயே ஓடிய செய்நிரல் அதுதான்.

அதே நூலில் எங்கள் வீட்டுக்கு நெருக்கமான ஒரு பகுதியும் இருந்தது. வாரிசுரிமை, கொடுக்கல் வாங்கல், நில அளவை, வாய்க்கால் வெட்டுதல் போன்ற அன்றாடத் தேவைகளுக்கு உதவவே இதை எழுதுவதாக அவர் முன்னுரையில் தெரிவிக்கிறார். நூலின் பெரியதொரு பகுதி வஸிய்யத்துக் கணக்குகளும் வாரிசுக் கணக்குகளுமே.

அப்போது எங்கள் வீட்டிலும் அதே பேச்சுத்தான். வாப்பாவின் வாப்பாவை நாங்கள் மூத்தாப்பா என்று அழைப்போம். உள்துறைமுகத்தில் வள்ளம் வைத்துக் கடலுக்குப் போனவர். அவர் மவுத்தாகிச் சில மாதங்களில் வள்ளம், எஞ்சின், வலை எல்லாம் விற்று ஒன்பது இலட்சம் ரூபாய் வந்தது. வாரிசுகள் வாப்பும்மா, வாப்பாவும் சாச்சாவும், மாமிமார் மூவர். மூத்தாப்பாவின் பெற்றோர் எப்போதோ காலமாகிவிட்டனர். அவர் வஸிய்யத்து எதுவும் செய்யவில்லை. ஆனால் வலை வாங்கிய வகையில் ஒருவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் கடன் இருந்தது.

பணத்தை முதலில் பிரித்துக்கொள்வோம், கடனைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று வீட்டில் ஒரு கருத்து எழுந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எல்லோருக்கும் அவசரத் தேவைகள் இருந்தன.

நான் பயிற்சிக்காக அந்தக் கணக்கைச் செய்நிரலாக எழுதிப் பார்த்தேன். மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதியில் ஆண் பிள்ளைக்கு இரண்டு பங்கு, பெண் பிள்ளைக்கு ஒரு பங்கு. ஓட்டியதும் பங்குகள் வந்தன. வாப்பும்மாவுக்கு 1,12,500 ரூபாய். பிழை எதுவும் காட்டவில்லை. சந்தோஷத்தோடு ஆறு பேரின் பங்குகளையும் கூட்டிப் பார்த்தேன். சரியாக ஒன்பது இலட்சம். அப்படியென்றால் கடன் எங்கே? கடனைக் கழிக்கும் வரியை நான் பங்கிடும் வரிகளுக்குக் கீழே எழுதியிருந்தேன். கணினி அதையும் செய்துதான் இருந்தது, ஆனால் பங்கிட்டு முடிந்த பிறகு. அந்த ஒரு இலட்சம் யாருடைய கணக்கிலும் ஏறவில்லை.

சிவப்பு எழுத்து வராத பிழைதான் பெரிய பிழை என்பதை அன்று கற்றேன். ஜனாஸாச் செலவு, கடன், வஸிய்யத்து, அதன் பிறகே பங்கு என்ற வரிசையை இஸ்லாம் பாடத்தில் படித்துப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன். அது வெறும் பட்டியல் அல்ல, மாற்றக்கூடாத படிமுறை என்பது என் சொந்தத் தவறைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

அந்த வரியை மேலே தூக்கி வைத்தேன். எட்டு இலட்சம் எட்டுப் பங்காக அழகாகப் பிரிந்தது. வாப்பும்மாவுக்கு ஒரு இலட்சம், மாமிமார் மூவருக்கும் ஒவ்வொரு இலட்சம், வாப்பாவுக்கும் சாச்சாவுக்கும் இரண்டிரண்டு இலட்சம். இரண்டு விடைகளையும் கொப்பியில் எழுதி வாப்பாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு சாச்சாவையும் கூட்டிக்கொண்டு போய்க் கடனைக் கொடுத்துவிட்டு வந்தார். அன்றிரவு வாப்பும்மா என் தலையைத் தடவி, மூத்தாப்பாவுக்காக அழுது துஆச் செய்தார். பங்கிட்டது அதற்குப் பிறகுதான்.

அல்-குவாரிஸ்மி ஏறத்தாழ 850இல் மறைந்தார். அவருடைய நூல்கள் அதன்பின் தாமாகப் பயணம் செய்தன. வான அட்டவணைகள் 1126இலும், அல்-ஜப்ர் நூல் 1145இலும் இலத்தீன் மொழிக்குப் போயின. எண்முறை நூலின் இலத்தீன் வடிவம் அவருடைய பெயரைச் சொல்லித் தொடங்கியது. அந்தப் பெயர் இலத்தீன்காரர்களின் நாவில் திரிந்து, முதலில் இந்திய இலக்கங்களால் கணக்கிடும் முறைக்கும், பின்னர் எந்தப் படிமுறைக்கும் உரிய சொல்லாயிற்று. 1979இல் கணினி அறிவியலாளர்கள் பலர், அவருடைய குவாரிஸ்ம் மண்ணில் இருக்கும் உர்கெஞ்ச் நகரில் கூடி அல்கோரிதம் பற்றி ஆராய்ந்தார்கள்.

ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் அவரிடம் கணினி இருக்கவில்லை. சாதாரண மனிதர் ஒருவர் படித்து, படி தவறாமல் செய்து, சரியான விடைக்கு வரவேண்டும் என்ற அக்கறை இருந்தது. செய்நிரல் எழுதுகிறவருக்கு வேண்டியதும் அந்த அக்கறைதான். இயந்திரம் நாம் சொன்ன வரிசையில் செய்யும். அந்த வரிசை நியாயமானதா என்று அதற்குத் தெரியாது. அதை அறிந்திருக்க வேண்டியவர்கள் நாம்.

நான் பாடத்தை விடவில்லை. முக்காற்புள்ளி இப்போதும் சிலவேளை விடுபடுகிறது. ஆனால் செய்நிரல் பிழையின்றி ஓடி முடிந்தாலும், விடைகளை ஒருமுறை கூட்டிப் பார்க்காமல் நான் எழும்புவதில்லை.