ஐடா ஸ்கடர்: மூன்று தாய்மாரின் மரணத்தில் பிறந்த அழைத்தல்



கன்னி மரியா தம் தலைப்பிள்ளையைப் பெற்றெடுக்கும் நாள் நெருங்கிய வேளையில் நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குப் பயணம் செய்ய நேர்ந்தது. அகுஸ்து சீசரின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக் கட்டளை, நிறைமாதப் பெண்ணின் நிலையை எண்ணிப் பார்க்கவில்லை. விடுதியில் இடமும் கிடைக்கவில்லை. அதே பெத்லகேமுக்குப் போகும் வழியில்தான், பல நூற்றாண்டுகளுக்கு முன், யாக்கோபின் மனைவி ராகேல் பேறுகால வேதனையில் உயிர்விட்டார். பேறுகாலத்தின் இறுதி நாள்களில் உதவி தடைப்படுவது விவிலியம் நன்கு அறிந்த துன்பம். நம் மண்ணில் அத்துன்பத்தைக் கண்டு தம் வாழ்வின் போக்கையே மாற்றிக்கொண்ட ஒரு பெண்மணியைப் பற்றி இன்று சிந்திப்போம்.

நம் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால் வாலாஜாவை அடுத்து இராணிப்பேட்டை வரும். அங்கே 1870-ம் ஆண்டு டிசம்பர் 9-ம் நாள் ஐடா ஸ்கடர் பிறந்தார். தாத்தா, தந்தை இருவரும் அமெரிக்காவிலிருந்து வந்த மறைபணி மருத்துவர்கள். சீர்திருத்த சபையைச் சேர்ந்த குடும்பம். சிறுமியாக இருந்தபோது பெரும் பஞ்சத்தில் பசியால் வாடிய குழந்தைகளைக் கண்டவர் அவர். பின்னர் அமெரிக்காவில் படித்து வளர்ந்தார். வெயிலும் வறுமையும் நிறைந்த இந்தியாவில் தம் வாழ்வைக் கழிப்பதில்லை என்பதே அவருடைய எண்ணமாக இருந்தது. தாயார் உடல்நலம் குன்றியதால் 1890-ல் உதவிக்காகத் திண்டிவனம் வந்தார். சிறிது காலத்தில் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தார்.

அங்கே ஓர் இரவு, ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆண்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், மற்றவரும் உயர்சாதி இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் தவித்துக்கொண்டிருந்தார்கள். மூவரும் ஐடாவைத்தான் அழைத்தார்கள். தமக்கு மருத்துவம் தெரியாது, தந்தையே மருத்துவர், அவர் உடனே வருவார் என்று ஐடா எடுத்துச் சொன்னார். வேற்று ஆண் தம் வீட்டுப் பெண்களைப் பார்ப்பதை வழக்கம் அனுமதிக்காது என்று சொல்லி மூவரும் திரும்பிப் போனார்கள். இரவெல்லாம் ஐடாவுக்கு உறக்கம் இல்லை. விடிந்தபோது சாவு மேளம் கேட்டது. விசாரித்தபோது மூன்று பெண்களுமே இறந்துவிட்டது தெரிந்தது.

அந்தக் கணவர்களுக்கு மனைவியர்மீது அன்பு இல்லாமல் இல்லை. அன்பு இருந்ததால்தான் நள்ளிரவில் அந்நியர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அருகிலேயே மருத்துவரும் இருந்தார், வரவும் ஆயத்தமாக இருந்தார். ஆனாலும் மூன்று உயிர்கள் போயின. அன்புக்கும் உதவிக்கும் இடையே ஒரு சுவர் நின்றது. அந்தச் சுவரைத் தாண்டிச் செல்லக்கூடிய மருத்துவம் கற்ற ஒரு பெண் அன்று அங்கே இல்லை.

ஐடா அழுததோடு நிறுத்திக்கொள்ளவில்லை. இறைவன் தம்மை அழைக்கிறார் என்று உணர்ந்தார். அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1900-ம் ஆண்டு தொடக்கத்தில் வேலூர் வந்தார். வந்த சில மாதங்களில் தந்தை இறந்துபோனார். வழிகாட்ட இருந்த ஒருவரும் போனபின், வீட்டிலேயே நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். ஷெல் என்னும் நியூயார்க் செல்வந்தர் தம் மனைவியின் நினைவாகத் தந்த 10,000 டாலரைக் கொண்டு, 1902-ல் 40 படுக்கைகள் கொண்ட பெண்கள் மருத்துவமனை திறக்கப்பட்டது.

மருத்துவமனைக்கு வர இயலாதவர்களை அவரே தேடிச் சென்றார். குடியாத்தம் சாலையில் மாட்டுவண்டியிலும் பின்னர் மோட்டார் காரிலும் போய், மர நிழல்களில் மருந்து கொடுத்தார். ஆனால் தாம் ஒருவர் மட்டும் ஓடி ஓடி உழைத்தால் போதாது என்பதையும் அறிந்திருந்தார். 1909-ல் செவிலியர் பள்ளியும் 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். 1922-ல் முதல் அணியின் 14 பெண்களும் தேர்ச்சி பெற்று ஏளனம் செய்தவர்களை வியக்க வைத்தார்கள். எழுபது வயதிலும் அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார். 1942-ல் அது எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்ந்தது. அதுவே நாம் அறிந்த வேலூர் சி.எம்.சி. 1960 மே மாதம், 89-ம் வயதில், கொடைக்கானலில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

பெண்களின் பேறுகாலத்துக்கும் மருத்துவத்துக்கும் இடையே நம் கத்தோலிக்கத் திருச்சபையிலும் ஒரு தடை இருந்தது. அருட்சகோதரிகள் மகப்பேறு மருத்துவம் செய்வதைத் திருச்சபைச் சட்டம் நெடுங்காலம் அனுமதிக்கவில்லை. அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூருக்கு 1920-ல் வந்த ஆஸ்திரேலிய மருத்துவர் மேரி க்ளோரி, திருத்தந்தை 15-ம் பெனடிக்டின் தனி அனுமதியோடுதான் அருட்சகோதரியாக இருந்துகொண்டே மருத்துவப் பணியாற்றினார். 1936-ல்தான் உரோமை இத்தடையை மறைபரப்பு நாடுகளுக்காகத் தளர்த்தியது. எனவே திண்டிவனத்து வழக்கத்தைக் குறைகூறும் முன் நாமும் பணிவோடு நம்மை ஆய்வு செய்துகொள்ள வேண்டும்.

இன்று அந்தப் பழைய சுவர் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையங்கள் உண்டு, 108 வண்டி உண்டு. ஆயினும் ஒரகடத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் வாடகை அறைகளில் வாழும் இளம் தம்பதியரை எண்ணிப் பாருங்கள். கணவருக்கு இரவு ஷிப்ட். உறவினர் எல்லாரும் தொலைவில். அக்கம்பக்கத்தார் பெயர்கூடத் தெரியாது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கத்தால் எட்டாம் மாதம் வேறு மாவட்டத்துக்குப் போகும்போது, அதுவரை பார்த்த மருத்துவரின் தொடர்பு அறுந்துபோகிறது. 2020 ஊரடங்கு நாள்களில் அப்படிப் போகவும் முடியாமல் பலர் தவித்தார்கள்.

இத்தகைய குடும்பங்களுக்கு நம் அன்பியங்கள் உதவலாம். நிறைமாதப் பெண் உள்ள வீட்டை அறிந்து வைத்திருங்கள். தாய்-சேய் அட்டை, பிக்மி எண், ஸ்கேன் அறிக்கைகள் ஆகியவற்றை ஒரே பையில் வைக்கவும், ஊர் மாறும் முன் இரு ஊர்களிலும் உள்ள சுகாதாரச் செவிலியருக்குத் தெரிவிக்கவும் சொல்லுங்கள். இரத்தப்போக்கு, கடுந்தலைவலி, பார்வை மங்கல், முகவீக்கம், வலிப்பு, பனிக்குட நீர் கசிவு, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனை செல்ல வேண்டும். கணவர் வேலையில் இருந்தால் உடன் போவது யார் என்பதை முன்னரே பேசி முடிவு செய்யுங்கள்.

மரியா மலைநாட்டுக்கு விரைந்து சென்று எலிசபெத்தோடு ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார். ஐடா அம்மையாரும் தம் வாழ்நாள் முழுவதும் அத்தகைய பணியைத்தான் செய்தார். நம் பங்கில் இன்று யார் வீட்டுக் கதவை நாம் தட்டிக் கேட்க வேண்டும் என்று சிந்திப்போம். கருவுற்றிருக்கும் எல்லாத் தாய்மாருக்காகவும், அவர்களுக்குப் பணிபுரியும் மருத்துவர், செவிலியருக்காகவும் செபிப்போம். அன்னை மரியாவின் பரிந்துரையால் இறைவன் அவர்களைக் காத்து வழிநடத்துவாராக.