நிலவைத் திரையில் காட்டியவர்

அறிவியலைத் துணைக்கொண்டு, இன்னும் நிகழாததை நிகழ்ந்ததுபோல் காட்டுவதே அறிவியல் புனைகதை. அதனைத் திரைப்படமாக்கிய முன்னோடி ஜார்ஜ் மெலியே என்பாரை நாம் அறிதல் வேண்டும்.

இவர் 1861ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் காலணித் தொழில் நடத்தியவரின் மகனாகப் பிறந்தார். தந்தையின் தொழிலை விடுத்துச் செப்பிடுவித்தை பயின்றார். 1902ஆம் ஆண்டு 'நிலவுப் பயணம்' என்னும் ஊமைப் படத்தை உருவாக்கினார். பீரங்கியிலிருந்து பாய்ந்த குண்டு நிலவின் கண்ணில் தைக்கும் காட்சி உலகையே வியப்பில் ஆழ்த்தியது. ஆனால், அமெரிக்காவில் பிறர் அப்படத்தைத் திருட்டுத்தனமாகப் படியெடுத்துப் பொருளீட்டினர். கடனில் மூழ்கிய மெலியே, 1923ஆம் ஆண்டு மனமுடைந்து தம் படச்சுருள்களைத் தாமே எரித்தார். பின்னர் இரயில் நிலையக் கடையொன்றில் பொம்மை விற்றுப் பிழைத்தார். 1931ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசு உயரிய விருதளித்து அவரைப் போற்றியது. 1938ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

1969ஆம் ஆண்டு மனிதன் மெய்யாகவே நிலவில் நடந்தான். ஆதலின், கனவு காணும் பிள்ளையை நாம் எள்ளி நகையாதிருப்போமாக!