சமூகவியல் அறிஞர் ஐராவதி கார்வே

பர்மாவில் பாயும் பேராறு ஐராவதி. அந்நாட்டில் வாழ்ந்த மராத்தியக் குடும்பம் ஒன்றில் 1905ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெற்றோர் அவ்வாற்றின் பெயரையே குழந்தைக்குச் சூட்டினர். ஏழாம் வயதில் அச்சிறுமி கல்விக்காகப் புனே நகரின் விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டாள்.

பெர்குசன் கல்லூரியில் மெய்யியல் பயின்ற ஐராவதி, பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் குரியேயிடம் சமூகவியல் கற்று, 1928இல் முதுகலைப் பட்டம் பெற்றார். மக்கள் எவ்வாறு கூடி வாழ்கின்றனர், உறவுகளையும் வழக்கங்களையும் எவ்வாறு அமைத்துக்கொள்கின்றனர் என ஆராயும் துறையே சமூகவியல். மேற்படிப்புக்காக அவர் ஜெர்மனி செல்ல விரும்பினார். மாமனார் மகரிஷி கார்வே பெண்கல்விக்காக உழைத்தவர். ஆயினும் இப்பயணத்தை அவர் ஏற்கவில்லை. கணவர் உறுதுணையாக நின்றார். ஐராவதி புறப்பட்டார்.

பெர்லினில் அவர் மண்டையோடுகளை அளந்து ஆராய்ந்தார். ஐரோப்பியரே அறிவில் உயர்ந்தோர். மண்டையோட்டின் அமைப்பே அதற்குச் சான்று என அவருடைய ஆசிரியர் யூஜின் பிஷர் கருதினார். ஆனால், கிடைத்த அளவுகள் அக்கருத்துக்கு இடம் தரவில்லை. ஆய்வை மதிப்பிடுபவரோ அதே ஆசிரியர். அயல்நாட்டில் தனித்திருக்கும் மாணவி என் செய்வார்? இனத்துக்கும் மண்டையோட்டின் அமைப்புக்கும் தொடர்பில்லை என்றே ஐராவதி தம் ஆய்வேட்டில் எழுதினார். முனைவர் பட்டமும் பெற்றார்.

தாயகம் திரும்பிய அவர், 1939 முதல் புனேயிலுள்ள தக்காணக் கல்லூரியில் பணியாற்றினார். இந்தியாவின் பல பகுதிகளுக்கும் சென்று உறவுமுறைகளைத் தொகுத்தார். 1953இல் வெளிவந்த அவரது நூல் வடக்கையும் தெற்கையும் ஒப்பிடுகிறது. வடக்கே பல சமூகங்களில் மாமன் மகள் உடன்பிறந்தாளுக்கு ஒப்பானவள். தமிழர் பலரிடத்தில் அவள் மணம்செய்யும் முறைப்பெண். ஆதலால்தான் தாயின் உடன்பிறந்தானையும் மனைவியின் தந்தையையும் நாம் மாமா என்றே அழைக்கிறோம்.

கொய்னா அணையால் ஊரிழந்த மக்களின் வாழ்வையும் அவர் ஆராய்ந்தார். அணை தரும் நீரையும் மின்சாரத்தையும் அளப்பது போல, வீடிழந்தோரின் துயரையும் அளந்தறிதல் சமூகவியலின் கடமையாகும். மகாபாரத மாந்தரை ஆராயும் 'யுகாந்தா' என்னும் மராத்தி நூலுக்காக அவர் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். 1970இல் மறைந்தார்.

சமூகவியல் கற்போர் ஆசிரியராகலாம், ஆய்வாளராகலாம், அரசின் திட்டங்களுக்கு மக்களின் நிலையை எடுத்துரைக்கலாம். எப்பணியாயினும், கண்டதைக் கண்டவாறு கூறும் நேர்மையே அதற்கு அடிப்படை.

சொற்பொருள்
மெய்யியல் – தத்துவம்
மாந்தர் – மக்கள்

பயிற்சி
1. ஐராவதி என்னும் பெயர் எவ்வாறு அமைந்தது?
2. பெர்லினில் அவர் கண்ட முடிவு யாது?
3. உம் வீட்டில் வழங்கும் உறவுப்பெயர்களையும், உம் அண்டை வீட்டார் மொழியில் வழங்கும் உறவுப்பெயர்களையும் பட்டியலிட்டு ஒப்பிடுக.