ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் ஃபொன் சைட்லிட்ஸ்

ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் ஃபொன் சைட்லிட்ஸ் (பெப்ரவரி 3, 1721 - நவம்பர் 8, 1773) பிரஷ்ய இராணுவத்தின் குதிரைப்படைத் தளபதி ஆவார். சிறு நிலை அதிகாரியாகச் சேர்ந்து, மன்னர் இரண்டாம் பிரெடெரிக்கின் ஆட்சியில் ஏழாண்டுப் போரில் (1756 - 1763) பெரும்புகழ் பெற்றார். ரோஸ்பாக், சோர்ன்டோர்ஃப் ஆகிய இரு சமர்களின் முடிவும் இவருடைய குதிரைப்படையாலேயே பெரிதும் தீர்மானிக்கப்பட்டது.

இளமை

இவர் கிளேவ் பகுதியில், இன்றைய ஜெர்மனியின் மேற்கு எல்லையை அண்டிய கல்கார் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையும் ஒரு குதிரைப்படை அதிகாரியே. அவர் 1728-இல் இறந்தபின் குடும்பம் வறுமையில் வாடியது. பின்னர் சிறுவன் சைட்லிட்ஸ், ஷ்வெட் நகரச் சிற்றரசரின் அரண்மனையில் ஏவலாளாக அமர்த்தப்பட்டான். அச்சிற்றரசர் முரட்டுத்தனமான குதிரையேற்றத்திற்குப் பெயர்போனவர். சுழலும் காற்றாலையின் இறக்கைகளுக்கு இடையே சைட்லிட்ஸ் குதிரையைச் செலுத்தியதாக ஒரு கதை வழங்குகிறது. அது உண்மையோ அல்லவோ, குதிரையேற்றத்தில் இவருக்கிருந்த அஞ்சாமை அங்கே கற்றதுதான்.

படைப்பணி

1740-இல் அதே சிற்றரசரின் கனரகக் குதிரைப்படையணியில் அதிகாரியாகச் சேர்ந்தார். 1742-இல் முதலாம் சிலேசியப் போரின்போது ஒரு கிராமத்தைச் சிறு குழுவுடன் காத்துநின்று, ஆஸ்திரியர்களிடம் சிறைப்பட்டார். கைதிகள் பரிமாற்றத்தில் விடுதலையானபின் மன்னர் இவரை உசார் எனப்படும் இலகுரகக் குதிரைப்படைக்கு மாற்றினார். 1745 ஜூன் 4 அன்று நடந்த ஹோகன்ஃபிரீட்பெர்க் சமரில் சாக்சனித் தளபதி ஒருவரைத் தாமே சிறைப்பிடித்தார். அதே ஆண்டில், 24 வயதில் மேஜர் ஆனார்.

அடுத்த பத்தாண்டுகள் அமைதிக்காலம். ஆனால் இவரது பிற்காலப் புகழுக்கான அடித்தளம் இக்காலத்திலேயே இடப்பட்டது எனலாம். 1753 முதல் சிலேசியாவின் ஓலாவ் நகரில் இருந்த எட்டாம் கனரகக் குதிரைப்படையணி இவர் பொறுப்பில் இருந்தது. மேடுபள்ளமான நிலத்திலும் முழு வேகத்தில், அணி குலையாமல் பாயவும், பாய்ந்தபின் உடனே மீண்டும் ஒன்றுதிரளவும் வீரர்களைப் பழக்கினார். இரண்டாவது திறனே அரிது. வென்ற குதிரைப்படை எதிரியைத் துரத்திக்கொண்டு ஓடிச் சிதறிவிடுவது அக்காலத்தில் வழக்கமாக இருந்தது.

1757 ஜூன் 18 அன்று கோலின் சமரில் பிரஷ்யா தோற்றது. எனினும் அங்கு காட்டிய திறமைக்காக இவர் மேஜர் ஜெனரல் ஆனார்.

ரோஸ்பாக்

1757 நவம்பர் 5 அன்று சுமார் 22,000 பிரஷ்யர்கள், ஏறத்தாழ இருமடங்கு பெரிய பிரெஞ்சு - ஜெர்மானியப் பேரரசுக் கூட்டுப்படையை எதிர்கொண்டனர். அன்று காலை மன்னர், மூத்த தளபதிகள் இருவரை விடுத்து, 36 வயதான சைட்லிட்ஸிடம் குதிரைப்படை முழுவதையும் ஒப்படைத்தார். கூட்டுப்படை பிரஷ்யர்களின் இடப்புறத்தைச் சுற்றிவர முயன்றது. சைட்லிட்ஸ் தமது 38 பிரிவுகளையும் ஒரு தாழ்ந்த குன்றின் பின்னே மறைவாக நடத்திச் சென்று, எதிரி அணிவகுப்பின் தலைப்பகுதியில் திடீரெனப் பாய்ந்தார். தமது சுங்கானை வானில் வீசியெறிந்து தாக்குதலுக்குச் சைகை காட்டினார் என்பர்.

எதிரியின் குதிரைப்படை சிதறியது. ஆயினும் அவர் துரத்தவில்லை. ஒரு பள்ளத்தில் படையை மீண்டும் திரட்டிக் காத்திருந்து, பிரஷ்யக் காலாட்படையின் சுடுதலால் எதிரி வரிசை தடுமாறியபோது இரண்டாம் முறை பாய்ந்தார். சமர் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. பிரஷ்யர்களின் இழப்பு 550 பேரளவே. எதிரிகளோ, கைதிகளையும் சேர்த்து, ஏறத்தாழ 10,000 பேரை இழந்தனர். காயமுற்ற சைட்லிட்ஸ் லெப்டினன்ட் ஜெனரலாக உயர்த்தப்பட்டு, கருங்கழுகு விருதும் பெற்றார்.

சோர்ன்டோர்ஃபும் கூனர்ஸ்டோர்ஃபும்

1758 ஆகஸ்ட் 25 அன்று சோர்ன்டோர்ஃபில் ரஷ்யர்களுடன் நடந்த சமரில், பிரஷ்யக் காலாட்படையின் இடப்பகுதி பின்வாங்கத் தொடங்கியது. உடனே தாக்குமாறு மன்னர் மீண்டும் மீண்டும் ஆளனுப்பினார். சதுப்பான ஓடை ஒன்றின் மறுகரையில் நின்ற சைட்லிட்ஸ் அசையவில்லை. தவறினால் தலை போகும் என்ற எச்சரிக்கை வந்தபோது, சமர் முடிந்தபின் தம் தலை மன்னருக்கு உரியது என்றும், அதுவரை அதனை மன்னரின் பணிக்கே பயன்படுத்த அனுமதிக்க வேண்டும் என்றும் விடையனுப்பியதாகக் கூறப்படுகிறது. முன்னேறிவந்த ரஷ்யர்களின் வரிசை குலைந்த தருணத்தில் ஓடையைக் கடந்து தாக்கினார். பிற்பகலிலும் நிலைமையைக் காத்தவர் இவரே. இரு தரப்பிலுமாக முப்பதாயிரம் பேர் கொல்லப்பட்டோ காயமுற்றோ வீழ்ந்த அந்நாளில் பிரஷ்யப் படை அழியாமல் தப்பியதற்கு இக்கீழ்ப்படியாமை ஒரு முக்கிய காரணம்.

மறு ஆண்டில் நிலைமை வேறாயிற்று. 1759 ஆகஸ்ட் 12 அன்று கூனர்ஸ்டோர்ஃபில், அரண் செய்யப்பட்ட உயர்நிலத்தையும் குளங்கள் நிறைந்த தரையையும் கண்ட சைட்லிட்ஸ் தாக்குதலுக்குத் தயங்கினார். இம்முறை மன்னரின் வற்புறுத்தலுக்கு இணங்கினார் என்று கூறப்படுகிறது. குதிரைப்படை முறியடிக்கப்பட்டது. பீரங்கிச் சிதறல் பட்டு இவரது கை கடுமையாகக் காயமுற்றது. பிரஷ்யா இப்போரில் அடைந்த மிகப் பெரிய தோல்வி இதுவே.

பிற்காலம்

காயம் ஆற நெடுங்காலம் ஆயிற்று. 1760-இல் பெர்லினில் சிகிச்சையில் இருந்தபோதே ரஷ்யர்களும் ஆஸ்திரியர்களும் நகரைத் தாக்க, அதன் பாதுகாப்பில் பங்கேற்றார். 1762 அக்டோபர் 29 அன்று இளவரசர் ஹென்றியின் தலைமையில் நடந்த ஃபிரைபெர்க் சமரில் குதிரைப்படையோடு காலாட்படையையும் நடத்தி வென்றார்.

போருக்குப்பின் சிலேசியக் குதிரைப்படையின் மேற்பார்வையாளராகவும், 1767 முதல் குதிரைப்படை ஜெனரலாகவும் பணியாற்றினார். 1760-இல் செய்துகொண்ட திருமணம் மகிழ்ச்சி தரவில்லை. உடல்நலமும் குன்றியது. 52-ஆம் வயதில் ஓலாவில் காலமானார். அந்நகரம் இன்று போலந்தில் ஓவாவா எனப்படுகிறது.

1851-இல் பெர்லினில் திறக்கப்பட்ட இரண்டாம் பிரெடெரிக்கின் சிலையின் பீடத்தில், குதிரைமீது அமர்ந்த நான்கு தளபதிகளில் ஒருவராக இவர் காட்டப்பட்டுள்ளார். 1912-இல் நீரில் இறக்கப்பட்ட ஜெர்மன் போர்க்கப்பல் ஒன்றும் இவர் பெயரைத் தாங்கியது. 1916 ஜட்லாந்துக் கடற்சமரில் பெருஞ்சேதத்துடன் தப்பிய அக்கப்பல், 1919-இல் ஸ்காப்பா ஃப்ளோவில் அதன் மாலுமிகளாலேயே மூழ்கடிக்கப்பட்டது.