விண்மீனை அளக்குமுன் தம்மை அளந்தவர்

ஃபிரீட்ரிக் பெசெல், 1784ம் ஆண்டு ஜூலை 22ம் நாள் ஜெர்மனியின் மிண்டன் நகரில் பிறந்தார். இலத்தீன் பாடம் பிடிக்காமல் 14 வயதிலேயே பள்ளியை விட்டார். இலத்தீனோடு மல்லுக்கட்டிய நம்மில் சிலருக்கு அவர்மீது இரக்கம் பிறக்கும்! பிரேமன் நகரில் ஒரு வணிக நிறுவனத்தில் ஊதியமின்றித் தொழில் பழகிய அவர், இரவுகளில் தாமாகவே வானியல் கற்றார். பட்டம் ஏதுமில்லாத அந்த இளைஞரை, 1810ல், கோனிக்ஸ்பெர்க் வானாய்வகத்திற்குத் தலைமையேற்க அழைத்தார்கள். இரஷ்யாவின் கலினின்கிராட்தான் அந்நகர்.

எவ்வளவு விலையுயர்ந்த கருவியானாலும் அதில் பிழை உண்டு என்பதில் பெசெல் உறுதியாக இருந்தார். அச்சு சற்றே சாய்ந்திருக்கும். பொறித்த கோடுகள் பிசகியிருக்கும். வெப்பத்தில் உலோகம் விரியும். ஒவ்வொன்றையும் அளந்து, கணக்கில் கழித்த பின்னரே அளவீட்டை ஏற்றார்.

ஆனால், பார்க்கும் மனிதர்? இங்கிலாந்தின் கிரீன்விச் வானாய்வகத்தில், 1796ல், டேவிட் கின்னபுரூக் என்ற உதவியாளர் வேலையிழந்தார். தொலைநோக்கியில் உள்ள கம்பியை விண்மீன் கடக்கும் நேரத்தை, கடிகாரத்தின் ஓசையைக் கேட்டுக்கொண்டே குறிக்க வேண்டும். தலைவர் மாஸ்கலின் குறித்ததைவிட இவருடையது ஏறக்குறைய 0.8 நொடி பிந்தியிருந்தது. கவனக்குறைவு என்று முடிவாயிற்று. தலைவரின் கண்ணும் காதும் சரிதானா என்று எவரும் கேட்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து இச்செய்தியை வாசித்த பெசெல், தம்மையே சோதனைக்கு உட்படுத்தினார். 1823ல், சிறந்த வானியலாளரான ஆர்கிலாண்டரோடு ஒப்பிட்டபோது, இருவருக்குமிடையே 1 நொடிக்கும் மேலான வேறுபாடு! ஒருவருக்கொருவர் வேறுபடுவது மனித இயல்பு, குற்றமல்ல என்பது தெளிவாயிற்று. கின்னபுரூக் 1802லேயே இறந்துவிட்டார்.

இந்தக் கண்டிப்போடுதான் பெசெல், 61 சிக்னி என்ற விண்மீனை 1837ல் அளக்கத் தொடங்கினார். அதன் விரைவான நகர்வை முன்னரே கவனித்தவர், பலேர்மோவின் தியாட்டைன் சபை அருள்பணியாளர் பியாட்சி. பூமி சூரியனைச் சுற்றும்போது அவ்விண்மீன் இடம் மாறுவதுபோல் தெரியும் கோணம் 0.314 வில்நொடி என 1838ல் பெசெல் அறிவித்தார். இரண்டரை சென்டிமீட்டர் நாணயத்தை 16 கிலோமீட்டர் தொலைவில் வைத்துப் பார்ப்பதற்குச் சமம் அது! இன்றைய கணிப்பு ஏறத்தாழ 0.286, அதாவது, 11.4 ஒளியாண்டு தொலைவு.

சிரியஸ் விண்மீனின் தள்ளாட்டத்தைக் கண்டு, அதற்குக் கண்ணுக்குத் தெரியாத துணை உண்டென்று 1844ல் கூறினார். 1846ம் ஆண்டு மார்ச் 17ம் நாள் அவர் காலமானார். அந்தத் துணை 1862ல் அமெரிக்காவில் முதன்முதலாகத் தென்பட்டது.