அழுபவள் செல்வத்தை விடுத்த அரசர்

கூர்ச்சர நாட்டைச் சோலங்கி மரபினரான குமாரபாலர் 1143 முதல் 1172 வரை ஆண்டார். முன்னவர் சித்தராசருக்கு ஆண்மகவில்லை. அவர் பகைக்கு அஞ்சி நெடுங்காலம் ஊர்தோறும் மறைந்து திரிந்தவர் இவர். முடிசூடிய பின்னரும் சாகம்பரி அர்ணோராசருடன் பெரும்போர் புரிய நேர்ந்தது.

அந்நாளில் மகனின்றி ஒருவன் இறப்பின் அவன் பொருள் அரசுக்கே உரியது. அதனை அழுபவள் செல்வம் என்றே வடநூலார் வழங்கினர். களத்தில் மாய்ந்த வீரனின் மனைவிக்கும் இதுவே கதியாகியிருக்கும் என எண்ணுகிறோம். கணவனையும் மகனையும் இழந்த ஒருத்தி உயிர்விடத் துணிந்து நள்ளிரவில் அழுதாள். அக்குரல் மன்னர் செவிப்பட்டது என்பதை அவர்தம் குருவாகிய ஹேமசந்திராசாரியர் துவயாசிரய காவியத்தில் பாடியுள்ளார். கருவூல வருவாய் குன்றுமென்று கருதாது மன்னர் அவ்வழக்கை ஒழித்தார். அவர் கொல்லாமை முரசறைந்ததையே பலரும் போற்றுவர். நாம் இதனை அதற்குக் குறைந்ததாகக் கொள்ளோம். பின்னர் யசப்பாலர் மோகராசபராசயம் என்னும் நாடகத்தில் இச்செயலையும் அமைத்தார்.