சீவாளி தேர்ந்த சக்கரவர்த்தி

திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளையின் வரலாற்றைச் சொல்லப் புகுவோர் பெரும்பாலும் அவருடைய தோடியிலேயே தொடங்குவர். யானோ சீவாளியில் தொடங்க விரும்புகின்றேன். கல்முனைப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களின் மேளவோசை காற்றில் வரக் கேட்டு வளர்ந்த வரிப்பத்தான்சேனைவாசி நான். அவ்வோசை எங்கே பிறக்கிறது என்று என் மாணாக்கர் கேட்பதுண்டு. குழலின் தலைப்பில் கெண்டையின்மேல் செருகிய அந்தச் சிறு நாணல் துண்டில்தான் என்பேன்.

மேனாட்டுச் சோப்ரானோ சாக்சபோனும் பார்வைக்கு நேரான குழலே. அடோல்ப் சாக்ஸ் 1846 இல் பாரிசில் உரிமை பெற்ற கருவிக் குடும்பத்தைச் சேர்ந்தது அது. அதன் ஊதுவாயில் ஒற்றை நாக்குக் கட்டப்படும். சுரங்களுக்கு விசைகள் உண்டு. நாகசுரத்துக்கு அந்த வசதி இல்லை. விரல்களுக்குத் துளைகள் ஏழு. மற்ற நுண்சுரங்களையெல்லாம் உதட்டழுத்தமும் மூச்சுமே ஈன்றாக வேண்டும். விறைப்பான சீவாளி மூச்சைத் தின்னும். மிகத் தளர்ந்ததோ மேற்சுரங்களில் சுருதியைக் கைவிடும். நெல்லோடு அவித்துப் பதப்படுத்திய தட்டையிலிருந்து செய்தாலும் ஒன்றைப்போல் மற்றொன்று அமைவதில்லை. வித்துவான்கள் பல சீவாளிகளை நூலில் கோத்துக் குழலிலே தொங்கவிட்டிருப்பது அழகுக்காக அன்று.

பிள்ளை 1898 இல் திருமருகலில் பிறந்தார். இயற்பெயர் பாலசுப்பிரமணியம். தாய்மாமனாகிய திருமருகல் நடேச பிள்ளை அவரைச் சுவீகாரம் கொண்டு வளர்த்தார். திருக்கோடிக்காவல் கிருஷ்ணையரிடம் இளமையிலேயே வாய்ப்பாட்டுக் கற்றார். இதனை நான் பெரிதாக மதிக்கின்றேன். குழலை ஊதுமுன்னரே பாடிப் பழகிய செவிக்குத் தன் கருவியின் குறை விரைவில் புலனாகுமன்றோ!

அக்காலத்து வழங்கியது திமிரி நாகசுரம். குட்டையானது, உச்ச சுருதியுடையது. வீதி நெடுக ஊர்வலத்தில் கேட்க ஏற்றது. அரங்கிலே தம்புராவின் துணையோடு இராகத்தை விரித்துரைக்க அது இடந்தரவில்லை. சுத்த மத்திமமும் அதில் சரிவர நிற்பதில்லை. சுத்த மத்திமம் நில்லாத குழலில் தோடியை எப்படி நினைத்தபடி வாசிப்பது? நரசிங்கம்பேட்டை இரங்கநாதன் ஆசாரியின் கைவினை இங்கே துணைக்கு வந்தது. ஆச்சா மரத்தில் குழல் நீண்டது, துளைகள் இடம் மாறின, சுருதி தாழ்ந்தது. அதற்கிசையச் சீவாளியும் பெரிதாயிற்று. பாரி நாகசுரம் அரங்கேறிய கதை இதுவே. நீண்ட குழலுக்கு நீண்ட மூச்சு வேண்டும். அது பிள்ளையிடம் குறைவற இருந்தது.

சுருதி தாழ்ந்தது, கலைஞரின் நிலை உயர்ந்தது. நாகசுரக்காரர் மேலாடையின்றி நின்றபடியே வாசிக்க வேண்டுமென்ற வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. குடுமியைக் களைந்தார், அங்கியணிந்தார், பாடகரோடு சமமாக மேடையில் அமர்ந்தார். இதனைச் செருக்கு என்றோர் பலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கருவியை மாற்றியவர் இருக்கையை மட்டும் மாற்றாது விடுவாரா? 1940 இல் காளமேகம் என்னும் திரைப்படத்திலும் நடித்தார். 1947 ஆகஸ்டில், இந்திய விடுதலை விழாவின்போது, டில்லியில் அவருடைய நாகசுரம் முழங்கிற்று. ஈட்டிய பொருளை எண்ணிப் பார்த்துச் செலவிடும் இயல்பு மட்டும் அவரிடம் இருந்ததில்லை.

1956 டிசம்பர் 12 ஆம் நாள் சென்னையில் அவர் காலமானார். வயது ஐம்பத்தெட்டு. அவருக்குப் பின் வந்தோர் கைகளில் பாரியே நிலைத்தது, திமிரி அருகிற்று. நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022 இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. பிள்ளையின் பெயரோடு ஒட்டிய திருவாவடுதுறையோ சீவாளி செய்வோரின் ஊருமாகும்.